யதிராஜன் தேடிய வலது கை

யதிராஜன் முதல் முறை என் கடைக்கு வந்த அன்று, அவரைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். திருப்பதியில் கூரியர் புக்கிங் கடை வைத்திருக்கிறேன். பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஒட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எதிரே நெற்றி நிறையத் திருமண், பஞ்சகச்சம், கையில் இனிப்புக் கடை அட்டைப்பெட்டி.

"உள்ள இன்னா சாமி?" என்றேன்.

"ரெண்டு தலை, ஒரு இடது கை, முழங்காலுக்குக் கீழே ஒண்ணு" என்றார், பிரசாதம் என்று சொல்கிற குரலில்.

நான் முழித்த முழியைப் பார்த்து அவரே பெட்டியைத் திறந்து காட்டினார். பஞ்சுக்குள் கட்டைவிரல் அளவில் இரண்டு பிளாஸ்டிக் தலைகள். வண்டியாக இருந்து ஆளாக மாறும் ரோபோ பொம்மைகளின் உறுப்புகளாம். தலை புனேயில் ஒருவருக்கு, கால் கொச்சியில் ஒருவருக்கு.

"பொம்மைக்காவா இவ்ளோ பஞ்சு?" என்று சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "தலை இல்லாம எத்தனை நாளா நிக்கறதோ, பாவம். சீக்கிரம் போய்ச் சேரட்டும்மா" என்றார். அன்றிலிருந்து வாரத்துக்கு நாலு பார்சல். சில வாரம் அதற்கும் மேல்.

அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருப்பது. இவரும் விடியற்காலையில் கோஷ்டியில் பிரபந்தம் சேவித்துவிட்டு வீடு திரும்புவார். காபி குடித்த கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உட்கார்ந்துவிடுவார். இருபது, முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த பொம்மைகளைச் சேர்க்கிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்களாம். முழுசாக இருக்கும் பொம்மைக்கு அடிதடி. கை போனது, சக்கரம் போனது என்றால் சீந்த ஆளில்லை. அந்தச் சீந்தாததைத்தான் இவர் வாங்குவார். சென்னை மூர் மார்க்கெட்டிலும், சத்தியவேட்டில் பழைய சாமான் எடுக்கிறவர்களிடமும் சொல்லி வைத்திருந்தார். மூன்று அரைகுறையைப் பிரித்து ஒன்றை முழுசாக்குவார். மிச்சத்தை உதிரியாக விற்பார்.

இதில் அவரை இழுத்துவிட்டது மகள் அலர்மேல். சின்ன வயதில் ரேணிகுண்டா ஸ்டேஷனில் தன் ரோபோவின் பாதத்தைத் தொலைத்துவிட்டு ரயில் ஏற மாட்டேன் என்று அழுதவள். பாதத்துக்காக இவர் இணையத்தில் உடைந்த பொம்மை ஒன்றை வாங்க, மீதி உடம்பைத் தருவீர்களா என்று யாரோ கேட்க, அப்படியே பிடித்துக்கொண்டது. அலர்மேல் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். பொம்மைகளை மறந்தே போய்விட்டாள். அப்பாதான் விடவில்லை.

மனைவி கமலவல்லி போட்டோ எடுப்பாள், கேட்கிறவர்களுக்குப் பதில் போடுவாள். பழுத்துப்போன வெள்ளைப் பிளாஸ்டிக்கைத் தலைமுடி வெளுக்கும் கிரீமில் தோய்த்து, பாலிதீன் சுற்றி, மொட்டை மாடி வெயிலில் வைப்பது அவள் கண்டுபிடிப்பு. பியூட்டி பார்லர் பெண், இவ்வளவு கிரீம் வாங்கியும் இந்த மாமி முடி கறுப்பாகவே இருக்கிறதே என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அவர் வியாபாரம் செய்யும் விதம் மட்டும் எனக்கு எரிச்சலாக இருக்கும். போனை எடுத்ததும் குறையைத்தான் முதலில் சொல்வார். "விரல்ல கீறல் இருக்கு. ஸ்டிக்கர் பாதி போயிடுத்து. யோசிச்சு வாங்குங்கோ." இப்படிச் சொன்னால் எவன் வாங்குவான் என்று நான் கத்துவேன். வாங்கினார்கள், அதுதான் வேடிக்கை. ஏமாற்றமாட்டார் என்ற பேர் ஒன்றுதான் அவரிடம் இருந்த முதல்.

சென்ற ஆடியில் சித்தூரிலிருந்து முனிகிருஷ்ணன் என்பவர் வந்தார். மாங்கூழ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். யதிராஜன் வீட்டுச் சந்தில் ஆட்டோ நுழையாது என்பதால் எல்லோருக்கும் என் கடை விலாசத்தைத்தான் கொடுத்திருந்தார். நான் ஒட்டுக்கேட்கவில்லை. கடையே ஆறடி அகலம்தான்.

முனிகிருஷ்ணன் துணிப்பையிலிருந்து ஒரு மஞ்சள் ரோபோவை எடுத்து வைத்தார். மடக்கினால் கிரேன் வண்டியாகிவிடும் வகை. வெள்ளைக் கைகளில் வலது கை மட்டும் தோளோடு இல்லை.

"விக்கிறதுக்கு இல்ல சாமி. வலது கை மட்டும் வோணும்."

"இதே மாதிரி முழுசாவே ஒண்ணு தேடித் தரட்டுமா? கையைத் தேடறதைவிட சுலபம்."

"வேணா சாமி. இத்தான் வோணும்." பொம்மையைத் திருப்பி உள்ளங்காலைக் காட்டினார். காம்பஸ் முனையால் யோ என்று கீறியிருந்தது. "எம்பையன் யோகேஷு. அவன்து."

யதிராஜன் தொழில் பழக்கத்தில், "கை எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிட்டார். முனிகிருஷ்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் டேப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நான்தான் ஒடச்சேன். டென்த்ல கணக்குல மார்க் கம்மி. அவன் கையில இத்த வச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்தான். புடுங்கி செவுத்துல அடிச்சேன். கை தெறிச்சி எங்க போச்சின்னே தெர்ல. சோபா கீழ, பீரோ பின்னால, எல்லாம் தேடினோம். அவன் ஒண்ணும் சொல்லல. அழக்கூட இல்ல. இத்த எடுத்து டிவி மேல நிக்க வச்சான். அன்னிலிருந்து அங்கதான் நிக்குது. நான் நியூஸ் பாக்க உக்காந்தா இது என்னப் பாத்துக்கினு நிக்கும்."

"பேசறானோ உங்களோட?"

"பேசுறான். துன்னியான்னு கேப்பான், மாத்திரை போட்டியான்னு கேப்பான். அவ்ளோதான். தீபாவளி முடிஞ்சி ஜெர்மனிக்குப் போறான், வேலைக்கு. பெங்களூர்ல ரூம காலி பண்ணிட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள இது கையோட நிக்கணும் சாமி. என் வாயால கேக்க வரல. இதாவது செய்யணும்."

யதிராஜன் ரோபோவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த ஆளின் முகத்தைப் பார்க்க முடியாமல், வாசலில் நின்ற யாரோ ஒரு வாடிக்கையாளரைத் திட்டினேன்.

கை சுலபத்தில் கிடைக்கவில்லை. இடது கை நிறைய வந்தது. வலது கை வந்தால் அது வேறு அளவு. கடைசியில் கவுஹாத்தியில் ஒருவரிடம் தலையும் காலும் இல்லாத உடம்பு ஒன்று இருந்தது, வலது கையோடு. ஐப்பசியில் என் கடைக்குத்தான் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் யதிராஜன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கை மட்டும் பழுத்து மஞ்சளித்திருந்தது. மாடியில் வெயில் காட்டி வெளுத்துவிட்டுப் பூட்டிவிடலாம் என்று போனார்.

அந்த வாரம்தான் அவர்கள் வீட்டுக்கு ஆசார்யர் எழுந்தருளுவதாக ஏற்பாடாகியிருந்தது. அவர்கள் வழக்கத்தில் குலகுரு வீட்டுக்கு வந்து பூஜை செய்வது சாதாரண விஷயமில்லை. வீடு வெள்ளையடித்துக் கழுவி, அடுப்படிப் பாத்திரம் வரைக்கும் புதுசு. உதவிக்குக் காஞ்சிபுரத்திலிருந்து கமலவல்லியின் அப்பா வந்திருந்தார். முந்தின நாள் காலையில் யதிராஜன் கோயிலிலும் கமலவல்லி கடைத்தெருவிலும் இருந்தபோது, அந்தப் பெரியவர் மாப்பிள்ளையின் அறை அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாகத் தலையில்லாத உடம்புகள், கையில்லாத மார்புகள், ஒற்றைக்கால் ஆசாமிகள்.

பொம்மை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முகமும் கைகாலும் இருந்தால் அது உருவம். உருவத்தில் அங்கம் குறைந்தால் பின்னம். பின்னமானதை வீட்டில் வைக்கக் கூடாது, அதுவும் ஆசார்யர் கால் வைக்கும் வீட்டில். இது அவருக்கு இரண்டும் இரண்டும் நாலு மாதிரி. குப்பையில் போடவும் மனசு வரவில்லை. சக்கரம், இறக்கை, துப்பாக்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உருவமாக இருந்ததை மட்டும் எடுத்துக் கழுவி, புதுத் துண்டில் கட்டி, உடைந்த சாமி படங்களையும் விரிசல் விட்ட விக்கிரகங்களையும் எல்லோரும் கொண்டு விடுகிற குளக்கரை அரசமரத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

யதிராஜன் ஈரக் குடுமி முடியாமல் என் கடைக்கு ஓடி வந்தார். "காஞ்சனா, போயிடுத்தும்மா. கை ஆத்து மாடியில இருக்கு. ஆள் போயிடுத்து."

விஷயம் புரிந்ததும் அவருடைய மாமனாரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். "அவராண்ட கேட்டீங்களா?"

"என்னத்தைக் கேக்கறது? நல்லது பண்ணினேன்னு சந்தோஷமா உக்காந்திருக்கார். எம்பது வயசு. நாளைக்கு ஆசார்யர் வரார். கமலா ஏற்கெனவே நாலு வார்த்தை சொல்லிட்டா. நானும் சொன்னா தாங்கமாட்டார்." குரல் உடைந்தது. "என் பொம்மை எல்லாம் போகட்டும்மா. அது முனிகிருஷ்ணன் பொம்மை. அவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

ஷட்டரை இறக்கினேன். ஸ்கூட்டரில் ஏறுங்கள் என்றேன். பஞ்சகச்சத்தோடு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக முணுமுணுவென்று எதையோ சேவித்துக்கொண்டே வந்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அரசமரத்தடியில் துண்டு இல்லை. யாருக்கோ அது உதவியிருக்கும். பொம்மைகள் கண்ணாடி உடைந்த படங்களுக்கு நடுவே இறைந்து கிடந்தன. மஞ்சள் ரோபோவை மட்டும் காணவில்லை. யதிராஜன் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார். நான்தான் முதலில் பார்த்தேன். மரத்தின் அடிப்பொந்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. நெற்றியில் குங்குமம், மார்பில் மஞ்சள், கழுத்தில் கனகாம்பரம். முன்னால் ஓர் அகல்.

அங்கே பூ விற்கிற அம்மாதான் செய்திருக்கிறாள். யதிராஜன் கையை நீட்டியதும் கூடையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"தொடாதே சாமி. மரத்தாண்ட விட்டது மரத்துக்குத்தான்."

"அது பொம்மைம்மா" என்றேன்.

"பொம்மையோ இன்னாவோ. ஊனமாயிட்ச்சின்னுதானே கொண்டாந்து விட்டீங்கோ? ஒரு பெரியவரு கும்புட்டு வச்சாரு, நான் பாத்தேன். உட்டுட்டு மறுபடியும் வூட்டுக்கு எடுத்துக்கினு போனா குடும்பத்துக்கு ஆவாது. உனுக்குத் தெரியாதா சாமி? நாமம் போட்டுக்கினு இருக்கிறே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பொந்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். யதிராஜன் என்னைத் தடுத்தார். அவள் சொன்னது அவருக்கு உறைத்திருந்தது. தலைமுறையாகக் கோயிலில் இருக்கிற மனிதர், அவளோடு எப்படிச் சண்டை போடுவார்? தன் நியாயத்தையே எதிராளி வாயில் கேட்டால் யார்தான் என்ன செய்ய முடியும்?

"வாஸ்தவம்மா" என்றார். "ஆனா அது என்னோடது இல்லை. ஒரு தகப்பனார் பிள்ளைக்காகச் சரி பண்ணச் சொல்லி நம்பிக் குடுத்தார். தெரியாம இங்கே வந்துடுத்து. அதோட கை எங்காத்துல இருக்கு."

அந்த அம்மா குனிந்து ரோபோவின் தோளைப் பார்த்தாள். "கை இருக்குதா?"

"இருக்கு."

"அப்போ கொண்டாந்து பூட்டு. முழுசாயிட்டா அது ஊனம் இல்லியே. மரத்துக்கு அதுங்கிட்ட இன்னா வேலை?"

அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது எனக்கு. வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தேன். கமலவல்லி மாடிக்கு ஓடிப்போய்க் கிரீமிலிருந்து கையை எடுத்துக் கழுவி, சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு என்னிடம் கொடுத்தாள். கை நன்றாக வெளுத்திருந்தது. உள்ளே பெரியவர், "யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூரியர் என்று சொல்லிவிட்டு வந்தேன், பொய் இல்லையே.

யதிராஜன் மரத்தடியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கையைப் பூட்டினார். மரத்தைச் சுற்ற வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். திருகாணி இரண்டு தடவை வழுக்கியது, மூன்றாவது தடவை பிடித்தது. அவர் கையை மேலே தூக்கினார், இறக்கினார். முழங்கையை மடக்கினார். எல்லாம் சரியாக அசைந்தது. பூக்காரம்மா கனகாம்பரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்கட்டும், எடுத்துக்கினு போ" என்றாள். மற்ற பொம்மைகளைக் காட்டி, "இதுங்களுக்கும் கை இருக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றார். எல்லாம் மரத்துக்கே என்று விட்டுவிட்டு வந்தோம். அதில் அவர் ஒரு வருஷமாகச் சேர்த்த சரக்கு இருந்தது. ஆனாலும் திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவர் முணுமுணுக்கவில்லை. "அப்பாடா, அப்பாடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆசார்யர் வந்து போனார். எல்லாம் குறைவில்லாமல் நடந்ததாம். தீபாவளிக்கு மறுநாள் ரோபோவைச் சித்தூருக்குக் கூரியரில் போடச் சொன்னால், மாட்டேன், கையில்தான் கொண்டுபோவேன் என்று என் கடையில் நின்றுகொண்டே சொன்னார். என் தொழிலை இதைவிட யாரும் அவமானப்படுத்த முடியாது. எனக்கும் சித்தூர் ஆபீசில் ஒரு வேலை இருந்தது. சேர்ந்து பஸ் ஏறினோம்.

முனிகிருஷ்ணன் கதவைத் திறந்ததும் முகம் வெளிறிவிட்டது. மகன் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டானாம், உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். ரகசியமாக டிவி மேல் வைத்துவிடலாம் என்ற திட்டம் போயிற்று. அவர் பொம்மையை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கும்போதே யோகேஷ் வெளியே வந்துவிட்டான். உயரமான பையன், தாடி வைத்திருந்தான். அப்பாவின் கையைப் பார்த்தான்.

"இன்னா நைனா அது?"

அவர் முன்னால் நீட்டினார். யோகேஷ் வாங்கித் திருப்பிப் பார்த்தான். நெற்றிப் பள்ளத்தில் துடைக்க வராத குங்குமத்தைப் பார்த்து, "இதுக்கு ஏன் பொட்டு?" என்று சிரிக்கப்போனான். அப்போதுதான் வலது கையைக் கவனித்தான். சிரிப்பு நின்றுவிட்டது. பொம்மையை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனான்.

முனிகிருஷ்ணன் என்னைப் பார்த்தார், யதிராஜனைப் பார்த்தார். நாங்கள் எதையோ கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

யோகேஷ் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்றோடு திரும்பி வந்தான். திறந்து, அதிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கையை எடுத்து மேஜைமேல் வைத்தான். வலது கை.

"தொலையல நைனா. அன்னிக்கே என் பக்கத்துலதான் வந்து வியுந்துச்சி. நான்தான் எடுத்து ஒளிச்சி வச்சேன். நீ தேடுறப்பகூட சொல்லல."

"இத்தினி வருஷமாடா?" முனிகிருஷ்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ வந்து நான் செஞ்சது தப்புடான்னு ஒரு வார்த்த சொன்னா குடுத்துடலாம்னு இருந்தேன். நீ சொல்லல. அப்புறம் குடுக்கறதுக்கு எனக்கே வெக்கமாயிட்ச்சி. எங்க போனாலும் எடுத்துக்கினேதான் போனேன்."

"சொல்லத் தெர்லடா எனக்கு. அதான் கைய தேடினேன்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யோகேஷ் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு, "பர்வாலேது நைனா, பர்வாலேது" என்று தெலுங்கில் தேற்றினான், அவனும் அழுதுகொண்டே. யதிராஜன் மேல்துண்டால் மூக்கைத் துடைத்தார். நானும்தான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? மூச்சுத் திணறிக்கொண்டிருந்த வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு காபி வந்தது, முறுக்கு வந்தது. மரத்தடிக் கதையை நான் சொல்லச் சொல்ல அப்பாவும் மகனும் ஒரே மாதிரி தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

ஒரிஜினல் கையை மாட்டிவிடட்டுமா என்று யதிராஜன் கேட்டார். யோகேஷ் வேண்டாம் என்றான். "நைனா தேடினதே இருக்கட்டும் சாமி. இப்டியே எடுத்துக்கினு போறேன்." ரோபோவைச் சட்டைகளுக்கு நடுவே பெட்டியில் வைத்தான்.

முனிகிருஷ்ணன் எங்களை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து வழியனுப்பினார். வழியெல்லாம் யதிராஜனுக்கு வாய் துறுதுறுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கிடைக்கவே கிடைக்காத வலது கை அது, நிறம்கூட மங்கவில்லை. பஸ் வந்து நின்ற பிறகு தாங்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதேங்கோ. அந்தப் பழைய கை இப்போ உங்களுக்குத் தேவைப்படாதே. புனேயில ஒருத்தர் ஒரு வருஷமா காத்துண்டிருக்கார். உபரியா இருக்கறதுதானேன்னு..."

முனிகிருஷ்ணனின் கை சட்டைப் பைக்குப் போய், உள்ளே இருந்த அந்தக் குட்டிக் கையைப் பொத்திக்கொண்டது.

"இது உபரி இல்ல சாமி. அவன் இல்லாத வூட்டுல எனக்கு இதான்" என்றார்.

யதிராஜன் கன்னத்தில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.